பதினோராவது வரி

"காலி வரி என்பது தகவல் அல்ல." மூன்று வருஷத்துக்கு முன்னால், முகம் தெரியாத ஒருவருக்குப் பதிலாக இந்த ஒரு வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இன்றைக்கும் அது இணையத்தில் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், நான்கூட. எங்கள் வேலையில் பேசிய பேச்சு எதுவும் மறைவதில்லை. எழுதியபோது எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது, நறுக்கென்று சொல்லிவிட்டோம் என்று. அந்த வாக்கியத்தால் என் அக்காவின் பாடு போயிற்று.

பாடு என்றால் மற்ற ஊர்களில் கஷ்டம். எங்கள் குப்பத்தில் பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்ட முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், வீட்டுக்கு ஒரு ஆண் பெயராக வரிசையாக எழுதி, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முடிவு செய்வார்கள். அந்த வரிசைக்குப் பாட்டுப் பட்டியல் என்று பெயர். ஒருமுறை என் அலுவலகத் தோழி என் திரையில் 'பாட்டு' என்ற கோப்பைப் பார்த்துவிட்டு, பழைய பாட்டா புதுப் பாட்டா என்று கேட்டாள். பழைய பாட்டுதான் என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு விளக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

பட்டியலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஆண் இறந்துபோனால் அடுத்த பட்டியலில் அவர் பெயரை எழுத மாட்டார்கள். எழுதினால் தன் வலையைத் தேடிக்கொண்டு ஏரிக்கு வந்துவிடுவார் என்று நம்பிக்கை. அவர் மனைவியின் பெயரையும் எழுத மாட்டார்கள். அதற்கு நம்பிக்கை எதுவும் தேவைப்படவில்லை, பெண் பெயர் பட்டியலில் ஏறாது, அவ்வளவுதான். ஆகவே அந்த இடம் காலியாக விடப்படும். ஊர் கூடி உட்கார்ந்திருக்க, எங்கள் ஊர்த் தலைவரான நாட்டார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். காலி வரி வந்ததும் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்காரி "இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வருஷப் பாடு அவளுடையது. கொழுந்தனோ மாமனாரோ அவள் பேரில் வலை கட்டுவார்கள், விழுந்ததில் அவளுக்குப் பங்கு வரும். சொல்லாவிட்டால் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று பொருள். அம்மா வீட்டோடு போய்விடுகிறவர்கள் அப்படி விட்டுக்கொடுப்பதும் உண்டு. எப்படியானாலும் காலி வரிக்கு ஆயுசு ஒரே வருஷம். அடுத்த வருஷம் மகன் பெயர் அதில் ஏறும். மகன் இல்லாத வீடென்றால் வரியையே எடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவள் அல்ல. நைனா செத்தபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். எனக்கும் அக்காவுக்கும் கூடப் பிறந்த ஆண் கிடையாது. அந்தச் சித்திரையில் நாட்டார் நிறுத்தியபோது அம்மா பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், அவள் உள்ளங்கை நனைந்திருந்தது. எங்கே குரல் வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் ஊருக்கே கேட்கும்படி "இருக்கு" என்று சொன்னாள். அக்காவைக் கட்டிய மாமா தன் முறை நாட்களோடு சேர்த்து நைனாவின் முறை நாட்களிலும் ஏரியில் இறங்கினார். அந்த ஒரு வருஷத்து இறாலில்தான் நான் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்துவிட்ட பிறகு படிப்பு உதவித்தொகையிலும் கடனிலும் எப்படியோ ஓடிவிட்டது. சேருவதற்குத்தான் அந்தக் காலி வரி வேண்டியிருந்தது.

அதனால்தான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

மாமாவுக்குக் கையெழுத்து அழகு. ஊர்ப் பட்டியலை வருஷாவருஷம் அவர்தான் எழுதுவார். பொன்னேரியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து குப்பத்துச் சங்கக் கட்டடத்துக்குப் பழைய கணினி ஒன்று வந்தபோது, பட்டியலை இனிமேல் அதில் எழுதலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. நான் சென்னையிலிருந்து வந்து, கட்டம் கட்டமாக எழுதும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்யும் மென்பொருள் அது. அதன் நிரல் திறந்து கிடக்கும், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். அப்போது நான் அதன் பொத்தான்களின் பெயர்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்த வருஷப் பட்டியலை ஏற்றினார். நடுவில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு ஒரு வரியைக் காலியாக விட்டார். முடித்ததும் என்னைப் பார்த்து, "பாப்பா, இத மூடித் தொறந்தா இந்த வெறும் எடம் இருக்குமா?" என்று கேட்டார். பெயர்கள் இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. நான் மூடித் திறந்து காட்டினேன். காலி வரி அதே இடத்தில் இருந்தது. நம்பாமல் அவரே இன்னும் இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தார். நான் சிரித்துவிட்டு, எப்பவும் இருக்கும் மாமா, கவலைப்படாதே என்றேன்.

பிறகு நான் அந்த மென்பொருளுக்குள் ஆழமாக இறங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிழை திருத்திக் கொடுப்பேன். நாளடைவில் பழைய கோப்புகளைத் திறக்கும் பகுதி என் பொறுப்புக்கு வந்தது. வந்தது என்ன, வேறு யாருக்கும் வேண்டாம், என் தலையில் கட்டினார்கள். புதிதாக ஒன்று செய்தால் கைதட்டுவார்கள். பழையதைப் பழையபடி வைத்திருந்தால் யார் கைதட்டுவார்கள்? பத்து வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒரு தப்பான முறையில் எழுதிவைத்திருப்பார். அந்தத் தப்பின்மேல் சாய்ந்துகொண்டு எங்கோ ஒரு பள்ளிக்கூடமோ ஒரு கடையோ நடந்துகொண்டிருக்கும். தப்பைச் சரிசெய்தால் அவர்களுக்கு உடையும், விட்டுவைத்தால் நமக்கு மூச்சு முட்டும். பின்னோக்கிய இணக்கம் என்று இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயம் எளிதுதான். நீ எழுதியதை நீ எழுதியபடியே திறந்து காட்டுவோம் என்று கொடுத்த வாக்கு அது.

பழைய பதிப்பில் ஒரு சனியன் இருந்தது. கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அது ஆயிரக்கணக்கில் வெற்று வரிகளையும் சேர்த்துச் சேமித்துவிடும். புதிய பதிப்பில் அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் அரைமணி நேரம் மணல் கடிகாரம்தான் சுற்றும். ஆட்கள் வந்து வந்து திட்டினார்கள். சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைக்கு இவ்வளவு ஏச்சா என்று எனக்கும் எரிச்சல். ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து பன்னிரண்டு வரி நிரல் எழுதினேன். பழைய கோப்பைத் திறக்கும்போது ஒன்றும் எழுதப்படாத வரி வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்பதுதான் அதன் சாரம். கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டும் வந்தது.

ஒரே ஒருவர் மட்டும் தயங்கினார். சிலர் தெரிந்தே ஒரு வரியைக் காலியாக விட்டிருப்பார்களே, எது குப்பை, எது வேண்டுமென்று விட்டது என்று இந்த நிரலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அவருக்குத்தான் நான் அந்தப் பதிலை எழுதினேன். எழுதும்போது அம்மாவின் நனைந்த கை நினைவுக்கு வந்ததா? வரவில்லை. மாமா இரண்டு தடவை மூடித் திறந்தது நினைவுக்கு வந்ததா? அதுவும் வரவில்லை. சென்னையில் என் மேசை வேறு உலகத்தில் இருந்தது, குப்பம் வேறு உலகத்தில் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மூன்று பஸ் மாறவேண்டும்.

அடுத்த வருஷம் மார்கழியில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா மடியில்தான் தலை இருந்தது. இப்போதும் பஸ்ஸில் அந்த ஊர் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டு வருவாள். அவர்களுக்கு ஒரே மகள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், நர்ஸிங் சேர வேண்டும் என்று ஆசை. காரியம் முடிந்த பிறகு அக்கா அதிகம் அழவில்லை. சித்திரைப் பட்டியலில் மாமாவின் வரி அவளுக்காக ஒரு வருஷம் இருக்கும், அதை வைத்து மகளைச் சேர்த்துவிடலாம், அதற்குப் பிறகு ஆண்டவன் விட்ட வழி. இதைத்தான் என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னாள். நீ கூட அப்பிடித்தானே சேர்ந்தாய் என்றும் சொன்னாள்.

மாமாவுக்குப் பதில் பட்டியல் எழுத அவருடைய கூட்டாளி ஒருவர் வந்தார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் பெயர்களை ஏற்றி, பதினோராவது வரியில் மாமாவின் பெயரை அழித்துக் காலியாக விட்டு, சேமித்தும் வைத்திருந்தார். அந்த வாரமே கணினி செத்துப்போயிற்று. உப்புக்காற்று உள்ளே இருந்த தகடுகளையெல்லாம் தின்றிருந்தது. பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். நான் இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற தோரணையில் என் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் புதிய பதிப்பு இருந்தது. செத்த கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கோப்பைப் பிடித்து, லேப்டாப்பில் திறந்துகாட்டினேன். சட்டென்று திறந்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். உடனே திறக்கிறது பார்த்தீர்களா, இந்த வேகத்துக்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளவும் செய்தேன்.

அவர் அச்செடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சரிபார்த்தார். எல்லாப் பெயரும் இருந்தது. வரிசை எண்ணை மென்பொருளே போட்டுக்கொள்ளும், அதனால் எண்ணிலும் இடைவெளி தெரியவில்லை. இருப்பதைச் சரிபார்க்கலாம். இல்லாமல் இருந்த ஒன்று இல்லாமல் போனதை எந்த விரல் வைத்துப் பார்ப்பது? நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டீ வந்தது, குடித்தோம்.

வாசிக்கிற அன்று காலையில் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் சுவரோரம். அக்கா வெள்ளை கட்டாமல் ஒரு பழைய ஊதாப் புடவை கட்டியிருந்தாள். மகள் வரவில்லை. நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது போலவே. அம்மாவும் இப்போது இல்லை. அக்கா கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன், அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

நாட்டார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பத்தாவது பெயர் மாமாவின் பங்காளி. அதை வாசித்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். நாட்டார் தலையைத் தூக்கவில்லை. அடுத்த பெயரை வாசித்தார். அதற்கடுத்ததை வாசித்தார். அக்காவின் வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டாள்.

எனக்கு அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. என்ன நடந்தது, எந்த நிரல், எந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் தெரிந்துவிட்டது. நாட்டார் இன்னும் முப்பது நாற்பது பெயர் வாசிக்க வேண்டியிருந்தது. நான் எழுந்து ஒரு வரி விட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? லேப்டாப்பை ஜம்பமாகக் கொண்டுவந்தவள் நான், ஊர் முன்னால் அசிங்கப்பட மனசு வரவில்லை. அது பாதி. இன்னொரு பாதி, வாசித்து முடியட்டும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் அப்புறம் திருத்திக்கொள்ளலாம். இன்றைக்கு வெளியிடு, நாளைக்குத் திருத்து. பதினைந்து வருஷமாக அப்படியே பழகிய புத்தி.

நாட்டார் கடைசிப் பெயரை வாசித்தார். பட்டியலை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள்.

வெளியே வரும்போது இரண்டு மூன்று பேர் அக்காவிடம் நல்லபடியாகப் பேசினார்கள். விட்டுக்கொடுத்துவிட்டாயே, பெரிய மனசு என்றார்கள். நாட்டார் நிறுத்தினாரா இல்லையா என்று அந்தக் கூட்டத்தில் யார் கவனித்தார்கள்? அக்கா பேசவில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அக்காவோ வேறு மாதிரி நினைத்திருந்தாள். பெண் பிள்ளை ஒன்றுதானே, இவளுக்கு எதற்கு ஒரு வருஷம் என்று ஊரே பேசிவைத்து அவள் வரியை எடுத்துவிட்டது என்று நினைத்திருந்தாள். எடுத்துவிட்ட இடத்தில் போய்க் கத்துவதா என்று வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டபோதுதான் அழுதாள்.

நான் அண்ணனையும் கூட்டிக்கொண்டு நாட்டார் வீட்டுக்கு ஓடினேன். கணினியில் பிழை, ஒரு வரி காணாமல் போய்விட்டது என்று சொன்னேன். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. நாட்டார் கெட்டவர் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"கற்பூரம் ஏத்தியாச்சும்மா," என்றார். "பதினொண்ணுல இப்ப ஒரு வரிய நொழச்சா, அதுக்குக் கீழ கீற அத்தினி பேருக்கும் நாள் மாறும். ஆளுங்க அதுக்குள்ள வலை கட்டக் கம்பு வெட்டப் போயிட்டாங்க. ஒருத்தருக்கு நாயம் பண்ணப் போயி நாப்பது பேருக்கு அநியாயம் பண்ணச் சொல்றியா?"

வேறு இடத்தில், வேறு மொழியில், இதே வாதத்தை நானே பலபேரிடம் பேசியிருக்கிறேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும், அச்செடுத்தவர் அண்ணன் என்பதால் ஊர் அவரைத்தான் ஏசியது. கூட்டாளி பொண்டாட்டிக்கே இப்படிச் செய்தான் என்றார்கள். அவர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வர முகமில்லாமல் திரும்பிப் போனார். இனி பட்டியல் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அவரை ஏசட்டும் என்று விட்டுவிட்டுத்தான் ஏறினேன். இதை எழுதவே கை கூசுகிறது.

நர்ஸிங் சேர நான் கட்டுகிறேன் என்று போனில் சொன்னதற்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். நம்ம நைனா பாட்டுல நீ சேர்ந்த, என் பொண்ணு அவ நைனா பாட்டுல சேரணும்னு இருந்தேன், இல்லன்னு ஆச்சு, வுடு என்றாள். என் காசை வாங்குவதற்கு அவளுக்குச் சங்கடம் ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மாமா விட்டுப்போன அந்தப் பாடு. ஆனி மாதத்திலிருந்து மகள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறி கும்மிடிப்பூண்டிக்குப் போகிறாள். அக்கா லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயவைக்கும் இடத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஆவணியில் ஒருநாள் அங்கேயே போனேன். மணலில் விரித்த வலைமேல் மீன் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தி, திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

"அந்த வரிய எடுத்தது அண்ணன் இல்லக்கா. நானு."

"நீ எப்பிடி எடுப்ப? நீ எங்கூடதான குந்தினு இருந்த."

நான் விளக்கினேன். மென்பொருள், பழைய கோப்பு, வேகம், பன்னிரண்டு வரி. எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுக் கேட்டாள்.

"இன்னாத்துக்கு எடுத்த?"

"காலியா இருந்துச்சுக்கா."

"காலியாத்தான் இருக்கும். அவரு இல்லல்ல."

அவள் ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். நான் ஏதாவது சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே திரும்பிப் பார்க்காமல் இன்னொன்று கேட்டாள்.

"நாட்டார் வாசிக்கறப்பவே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

"தெரியும்," என்றேன்.

வெயில் ஏறுது, நீ கெளம்பு என்று மட்டும் சொன்னாள். எழுந்து நடந்தேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கையில் மீன் வாடை இருந்தது. கழுவ மனசில்லை.

போகிற வழியில் அண்ணன் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் மனைவி முன்னாலேயே சொன்னேன். அவர், உங்க மாமா இருந்தா மூடித் தொறந்து பாத்திருப்பாரு, நாந்தான் பாக்கல என்றார். பழியை நான் எடுத்துக்கொள்ளப் போன இடத்திலும் அவர் பாதியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே என் பன்னிரண்டு வரிகளை நீக்கினேன். நீக்கினால் போதுமா? இரண்டு வருஷத்தில் என் வேகத்தின்மேல் சாய்ந்துகொண்டவர்கள் கிளம்பி வந்தார்கள். மறுபடியும் மெதுவாகிவிட்டது, எதற்குப் பின்னோக்கிப் போகிறீர்கள் என்று சண்டை. குப்பை வரிகளை மட்டும் கண்டுபிடித்து ஒதுக்கவும், பெயர்களுக்கு நடுவே இருக்கும் காலியைத் தொடாமல் விடவும் இரண்டு மாதம் ஆயிற்று. முதலிலேயே செய்திருக்கக் கூடிய வேலைதான். வெளியீட்டுக் குறிப்பில் நானே எழுதினேன்: இடைப்பட்ட பதிப்புகளில் திறந்து சேமிக்கப்பட்ட கோப்புகளில் காணாமல் போன வரிகளை மீட்க இயலாது. அதை எழுதிவிட்டு அலுவலகக் கழிவறையில் போய் நின்றேன்.

இனி யாரும் இதே தவறைச் செய்யாதபடி ஒரு சோதனைக் கோப்பும் சேர்த்தேன். இருபது வரி, பதினோராவது காலி. ஒவ்வொரு முறை யாராவது நிரலை மாற்றும்போதும் கணினி அந்தக் கோப்பைத் திறந்து, பதினோராவது வரி காலியாகவே இருக்கிறதா என்று பார்க்கும். சரிபார்த்தவர்களில் ஒருவர் ஏன் பத்தோ ஐந்தோ இல்லாமல் பதினொன்று என்று கேட்டார். காரணம் ஒன்றுமில்லை என்று எழுதினேன். முதலில் தயங்கிய அந்த மனிதருக்கு மட்டும், நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்று தனியாக எழுதினேன். அவர் நன்றி சொல்லிவிட்டு வேறு எதையும் கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில் அண்ணன் மறுபடியும் பட்டியல் எழுதினார். நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். புதுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஐப்பசியில் கடலில் இறந்துபோன ஒருவருக்காக இருபத்துமூன்றாவது வரி காலி. மூடித் திறந்தோம், இருந்தது. லேப்டாப்பையே அணைத்துப் போட்டுத் திறந்தோம், இருந்தது. அச்செடுத்த தாளில் அண்ணன் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மாமாவின் வரி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் ஆகிவிட்டது, மகன் இல்லாத வீடு. மென்பொருள் சரியாக இருந்திருந்தாலும் இந்த வருஷம் அது இருந்திருக்காது.

வாசிக்கிற அன்று அக்கா வந்திருந்தாள். அவளுக்கு அங்கே வரவேண்டிய வேலை எதுவும் இல்லை. என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள், பக்கத்தில் வந்து உட்காரவில்லை. செத்துப்போனவரின் மனைவி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மடியில் குழந்தையோடு சுவரோரம் இருந்தாள். அக்கா போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

நாட்டார் வாசித்துக்கொண்டே வந்தார். இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டாவது பெயரை அவர் பாதி வாசித்திருப்பார். அந்தப் பெண் குழந்தை திடுக்கிட்டு விழிக்கும்படி "இருக்கு" என்று சத்தமாகச் சொன்னாள்.

நாட்டார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இரும்மா, இன்னும் அங்க வரல என்றார். முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் மிச்சப் பெயரை வாசித்து, காலி வரிக்கு வந்து, வழக்கப்படி நிறுத்தித் தலையைத் தூக்கினார். என் இரண்டு மாத வேலை அந்த நிறுத்தம். அந்தப் பெண் இன்னொரு முறையும் "இருக்கு" என்றாள்.

கற்பூரம் எரிந்து முடிந்த பிறகு அக்காவிடம் போனேன். அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்ன என்று கேட்டேன்.

"நிறுத்துவாங்கன்னு நம்பி குந்தினு இருக்காத, நீயே சொல்லிடுன்னு சொன்னேன்."

"இப்ப எல்லாம் சரி பண்ணிட்டேன்க்கா. நிறுத்துவாரு."

அக்கா குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்," என்றாள்.